கொசுவலைக்கு 5 லட்சம்: எங்கே கட்டினால் என்ன பலன்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஊர் நலச்சங்கத்தின் கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தருவதாகச் சொல்லியிருப்பது 3 லட்சம். கொசுவால் வரும் நோய்க்கு எதிராக இந்த 5 லட்சத்தைச் செலவிடலாம் என்பது வரை எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. எதில் செலவிடுவது என்பதில்தான் இழுபறி. வீட்டுக்கு ஒரு கொசுவலை என்கிறார்கள் ஒரு சாரார். புகையடிக்கும் மிஷினை ஊருக்கே சொந்தமாக வாங்கலாம் என்கிறார்கள் போட் வைத்திருப்பவர்கள் சிலர். மலேரியா இன்னும் இருக்கிற ஒடிசாவுக்கு அனுப்பலாம் என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். துபாயிலிருந்து போனில் பேசிய தம்பி, இதே காசில் ஆப்பிரிக்காவுக்கு வலை வாங்கிக் கொடுத்தால் ஒரு உயிரையே காப்பாற்றலாம் என்று ஒரு போடு போட்டான். பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

துபாய்த் தம்பியின் பேச்சிலிருந்தே தொடங்கலாம். கேட்க நம்பமுடியாததாக இருப்பது அதுதான், ஆனால் நன்றாகக் கணக்குப் பார்க்கப்பட்டிருப்பதும் அதுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-இல் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். அதில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் முக்கால்வாசி 5 வயது நிரம்பாத குழந்தைகள். நைஜீரியாவையும் காங்கோ ஜனநாயகக் குடியரசையும் மட்டும் எடுத்துக்கொண்டாலே உலகச் சாவுகளில் ஐந்தில் இரண்டு பங்கு வந்துவிடும். நோய் இப்படி ஓரிடத்தில் குவிந்து கிடப்பதால்தான் அங்கே போகிற வலைக்கு அவ்வளவு பலன்.

அந்த வலையும் நம் வீட்டில் கட்டுகிற வலை போன்றதில்லை. டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்தை நூலிலேயே ஏற்றியிருப்பார்கள். 20 தடவை துவைத்த பிறகும் மருந்து வேலை செய்ய வேண்டும் என்பது சோதனை விதி. கண்ணி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 24-க்குக் குறையக்கூடாது. கொசு உள்ளே இருக்கிற ஆளின் வாசம் பிடித்து வந்து வலையில் உட்காரும், மருந்து பட்டுச் செத்துப்போகும். ஊரில் பெரும்பாலான வீட்டில் இந்த வலை இருந்தால், வலை இல்லாத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கடி குறையும். இந்த வலைகளில் கணிசமானவை கரூரில் தயாராகி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சரி, கணக்குக்கு வருவோம். வலையின் விலை இன்றைக்கு ஏறத்தாழ 2 டாலர். கப்பல், லாரி, வீடுவீடாகப் பெயர் எழுதுவது, கொடுப்பது, பிறகு போய்ப் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் 5, 6 டாலர் ஆகும். விநியோகச் செலவை வேறு யாரோ ஏற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்லி 2 டாலரை மட்டும் காட்டுவது சரியான கணக்காகாது. யார் கொடுத்தாலும் அது செலவுதான். ஆக ஒரு வலைக்கு 500 ரூபாய். 5 லட்சத்துக்கு 1,000 வலை. ஒரு வலைக்கு 1.8 பேர் என்று திட்டமிடுவார்கள். 1,800 பேர் என்றால் அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 300 பேர் இருப்பார்கள், ஏனென்றால் அங்கே ஆறில் ஒருவர் அந்த வயது.

1990-களில் கானா, கென்யா, புர்கினா பாசோ போன்ற நாடுகளில் சில ஊர்களுக்கு வலை கொடுத்தும் சில ஊர்களுக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1,000 குழந்தைகள் மருந்துவலையில் படுத்தால் ஆண்டுக்கு 5, 6 சாவு குறைகிறது என்று தெரியவந்தது. 300 குழந்தைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். வலை 3 ஆண்டு வரும் என்பார்கள், நல்ல நிலையில் இருப்பது 2 ஆண்டு என்று கொள்வோம். மூன்று உயிருக்கு மேல் வருகிறது.

இங்கேயே நிறுத்திவிட்டால் அது விளம்பரம். கழிக்க வேண்டியதைக் கழிக்கவேண்டும். அந்த ஆராய்ச்சி நடந்த காலத்தோடு ஒப்பிட்டால் ஆப்பிரிக்காவில் குழந்தைச் சாவு இப்போது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மூன்று ஒன்றரைக்கும் கீழே இறங்கும். பல இடங்களில் கொசுவுக்கு அந்தப் பழைய மருந்து பழகிப்போய்விட்டது. கொடுத்த வலை எல்லாமே கட்டப்படுவதும் இல்லை. இதையெல்லாம் தள்ளினால் ஒன்று, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. தர்ம காரியங்களைத் தராசில் போட்டுப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் அமெரிக்காவின் கிவ்வெல் அமைப்பு, இடத்தைப் பொறுத்து ஒரு உயிருக்கு 3,000 முதல் 8,000 டாலர் வரை ஆகும் என்கிறது. நம் காசில் இரண்டரை லட்சம் முதல் 7 லட்சம். தம்பி சொன்னதில் பொய்யில்லை. இதற்கு மேல், அந்த வீடுகளில் வராமல் போகிற காய்ச்சல்கள் தனி.

ஆசிரியர் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: மருந்துக்கே கொசு அடங்காவிட்டால் வலை எதற்கு? அதற்காகத்தான் குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்த்த வலை வந்திருக்கிறது. தான்சானியாவில் நடந்த சோதனையில், பழைய வலையில் படுத்த குழந்தைகளைவிடப் புது வலையில் படுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் மலேரியா 44 சதவீதம் குறைந்தது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. விலை சற்றுக் கூடுதல். பழைய மருந்து பலிக்காத இடத்துக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும்.

வலையைவிடச் சிறந்தது ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே மழைக்காலத்தில் மட்டும் மலேரியா கொல்கிற நாடுகளில், அந்த நாலைந்து மாதமும் மாதாமாதம் குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். கிவ்வெல் கணக்கில் வலையும் அதுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன. எதற்குக் கொடுத்தாலும் பழுதில்லை. புனேயில் தயாராகும் ஆர்21 தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் அதை அரசுகளும் பெரிய சர்வதேச அமைப்புகளும் மொத்தமாக வாங்குகின்றன. நம் 5 லட்சம் போய் நிற்க அங்கே இடமில்லை.

கடற்கரை ஊரில் கொசுவலை என்று பேச்செடுத்தால் வருகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். வயதான பாட்டா ஒருவர் போன கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்: "வலையைக் கொடுத்தா அவன் சும்மா இருப்பானா மக்கா? மீன் பிடிக்கப் போவான்." பாட்டா சொல்வது நடக்கிற காரியம்தான். டாங்கனீகா ஏரிக்கரையிலும் மொசாம்பிக் கடற்கரையிலும் கொசுவலையை வைத்து மீன்பிடித்திருக்கிறார்கள். அந்தக் கண்ணியில் குஞ்சு குருமான் ஒன்றும் தப்பாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னக் கண்ணி மடிவலைக்காக இங்கே நடந்த சண்டை கொஞ்சமா? ஆனால் வலை வாங்கிய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை கடலோ ஏரியோ பக்கத்தில் இல்லாதவை. மீனுக்குப் போவதும் அனேகமாகக் கிழிந்த, மருந்து தீர்ந்த பழைய வலை. புது வலை வந்த கொஞ்ச காலத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பாயின் மேல்தான் தொங்குகிறது.

அடுத்த கேள்வி, சும்மா கொடுத்தால் மதிப்பிருக்குமா என்பது. மிக்ஸியும் டிவியும் வாங்கிய நாட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் கர்ப்பிணிகளிடம் ஒரு வலைக்கு முக்கால் டாலர்கூட ஆகாத ஒரு தொகையைக் கேட்டதுமே, இலவசமாகக் கொடுத்தபோது வாங்கியவர்களில் பாதிக்கு மேல் ஒதுங்கிக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் சும்மா வாங்கியவர்களும் வலையைப் பயன்படுத்தியதில் வித்தியாசமே இல்லை. விலை வைத்தால் மதிப்பு கூடவில்லை, ஆள்தான் குறைந்தது.

இனி, வீட்டுக்கு ஒரு வலை. எங்கள் ஊரில் 600 வீடு என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு 800 ரூபாய்க்கு மேல் வரும். நல்ல இரட்டைக் கட்டில் வலையே வாங்கலாம். பங்குத்தந்தை கையால் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நோயைத் தடுக்கப்போகிறோம்? மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இரவில் கடிப்பது, அதனால்தான் வலை அதற்கு எமன். நம் மாவட்டத்தில் மழை விட்டதும் நாம் பயப்படுவது டெங்குவுக்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பிறகும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னும் அதற்கு வெறி அதிகம். அந்த நேரத்தில் வலைக்குள் யார் இருக்கிறார்கள்? 2021 ஜூலையில் கேரளத்தில் ஜிகா வைரஸ் முதலில் தெரியவந்தது பாறசாலைப் பெண் ஒருவருக்கு. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. அதுவும் இதே ஏடிஸ் வேலைதான்.

வலை இங்கே சுத்தமாக உபயோகமில்லை என்றும் இல்லை. கைக்குழந்தை, டெங்கு வந்து படுத்திருக்கிறவர், ராத்திரி கடலுக்குப் போய்விட்டுப் பகலில் உறங்குகிற ஆண்கள், இவர்களுக்கு வலை நல்லது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஐம்பதோ அறுபதோ வலை வாங்கி வைக்கலாம். மற்ற வீடுகளுக்கு அது நல்ல உறக்கம் தரும், அவ்வளவுதான். கரூர் வலை ஒன்றுதான். காங்கோவில் தொங்கினால் காப்பாற்றக்கூடிய உயிரில் ஒரு பங்கு, குளச்சல் கரையில் தொங்கினால் கொசுக்கடி இல்லாத ராத்திரி.

புகை மிஷினைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை. சத்தமும் புகையும் வருவதால் ஏதோ நடக்கிறது என்று தோன்றும். அந்த நேரத்தில் பறக்கிற கொசு சாகும், தண்ணீரில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் அது கொசுவாகி வரும். கடற்காற்று வீசுகிற ஊரில் புகை எந்தப் பக்கம் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மலேரியாவுக்குப் புகையடிப்பதை நம்பாமல் வலைக்கும் சுவரில் மருந்தடிப்பதற்கும் முன்னுரிமை கொடுங்கள் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டெங்கு பரவிக்கொண்டிருக்கும்போது ஒரு தெருவுக்கு அடிக்க வேண்டிவந்தால் சுகாதாரத் துறையே வந்து அடிக்கும்.

ஒடிசா யோசனை மனசுக்குப் பிடித்தமானது. இங்கே செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பாடுபடுகிற பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கத்தவர்கள். வலைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இந்தியாவில் ஒடிசாவைவிடச் சாட்சி கிடையாது. 2017-இல் அரசு அங்கே ஒரு கோடிக்கு மேல் மருந்துவலை கொடுத்தது. மலைக்கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். மறு ஆண்டில் மலேரியா நோயாளிகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். ஆனால் அந்த வலைகளை அரசே வாங்கிக் கொடுத்துவிட்டது, தேய்ந்தால் மறுபடியும் கொடுக்கும். நாம் 1,000 வலை அனுப்பினால் அரசு வாங்க வேண்டிய 1,000 குறையும். இன்று இந்தியா முழுவதிலும் மலேரியாச் சாவு ஆண்டுக்குச் சில ஆயிரம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அரசுப் பதிவில் அதுவும் நூற்றுக்கணக்கை எட்டவில்லை. 1947-இல் ஏழரைக் கோடிப் பேருக்கு வந்து 8 லட்சம் பேரைக் கொன்ற நோய் இது. வீட்டுச் சுவரில் டிடிடி அடித்துத் தேதி எழுதிவைத்துவிட்டுப் போன மலேரியாக்காரர்களை வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவு தூரம் வந்துவிட்ட இடத்தில் நம் பணத்தால் கூடுகிற பலன் ஆப்பிரிக்கக் கணக்கின் பக்கத்தில்கூட வராது.

அப்புறம் நம் ஊருக்கு என்னதான் செய்வது? மூடி. மொட்டைமாடித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் ஒழுங்கான மூடி. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி சுத்தமான தண்ணீரில் முட்டையிடும்; சென்னையில் மலேரியா நெடுங்காலம் நின்று விளையாடியதற்குக் காரணமே கிணறும் மேல்தொட்டியும்தான். தொட்டியைத் திறந்து பார்த்தால் புழு நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்த மாதிரி மிதந்தால் அது அனாபிலிஸ். வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸோ க்யூலெக்ஸோ. நைலான் வலைத்துண்டும் கயிறும் போட்டுக் கட்ட, தொட்டிக்கு 100 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 600 வீட்டுக்கு 60,000. வலைத்துண்டு என்றதும் வீட்டில் கிடக்கிற பழைய மீன்வலையைக் கட்டிவிடாதீர்கள், அந்தக் கண்ணியில் கொசு குடும்பத்தோடு போய்வரும். கிணற்றில் விடுவதற்கு, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைச் சுகாதாரத் துறையிடம் கேட்டு வாங்கலாம்.

ஏடிஸுக்குத் தொட்டி கூடத் தேவையில்லை. கரையில் ஏற்றிவைத்திருக்கிற வள்ளத்தின் அடியில் தேங்கும் மழைத்தண்ணீர், போட்டின் பக்கவாட்டில் அடிபடாமலிருக்கக் கட்டியிருக்கும் டயர், உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டி, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் அதற்கு வீடு. வடக்கே குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு இல்லாத மழை மாதங்களில் மரத்தில் மாட்டியபடியே விட்டுப்போகும் சிரட்டை ஒவ்வொன்றும் ஒரு கொசுப் பண்ணை. நமக்கோ ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. கொசுவுக்கு ஆண்டில் இரண்டு அறுவடை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டினால் போதும். இதற்கு வேண்டியது பொருளைவிட ஆள். மகளிர் குழுவில் சிலருக்குக் கூலி கொடுத்து மழை மாதங்களில் வாரம் ஒருமுறை தெருத்தெருவாகப் பார்க்கச் சொன்னால், மூடிச் செலவும் அறுபது வலையும் சேர்த்து 2 லட்சத்துக்குள் அடங்கிவிடும். இதில் ஒரு உயிர் மிஞ்சும் என்று நான் எழுதித் தரமாட்டேன். டெங்கு குறையும், ஆஸ்பத்திரிச் செலவு குறையும்.

ஆக, பலனை மட்டும் பார்த்தால் 5 லட்சமும் கடல் கடக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. வரிவிலக்குப் பதிவு வாங்கியிருக்கிற சங்கம் தன் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் விலக்குப் போகும். மத்திய நேரடி வரிகள் வாரியத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் வழியாக நன்கொடை அனுப்பலாம், ஆனால் அது தனி ஆட்களுக்கு மட்டும், சங்கத்துக்குக் கிடையாது. நன்கொடைக்கான வரிச்சலுகையும் வராது. 2 லட்சத்துக்காக இவ்வளவு அலைவதில் அர்த்தமில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் 3 லட்சத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதை ஊருக்கு அனுப்பி, ஊரிலிருந்து திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே அகெயின்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் போன்ற வலை கொடுக்கும் நிறுவனத்துக்கு நேரே கட்டிவிடட்டும். ஒன்று கவனம்: அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். தம்பி எல்லாரிடமும் வசூல் செய்து கட்டக் கூடாது, வாட்ஸ்அப்பில் கணக்கு எண் போட்டுக் கேட்கவும் கூடாது. ஒவ்வொருவரும் தன் பணத்தைத் தானே கொடுக்க வேண்டும்.

"நம்ம ஊரைப் பார்க்காம ஆப்பிரிக்காவுக்கா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஊரின் பணம் ஊருக்கே செலவாகிறது. பிள்ளைகளின் பணத்தை வைத்து ஊருக்கு இன்னொரு 600 வலை வாங்கினால் இங்கே எந்தச் சாவும் குறையப்போவதில்லை, அங்கே குறையும். அந்தக் குழந்தையின் பெயர் நமக்குத் தெரியாது, கல்வெட்டில் பொறிக்கவும் ஒன்றும் கிடைக்காது. அது உறுத்துகிறது என்றால் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மறுத்துப் பேசமாட்டேன்.

காசே தேவைப்படாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. மேலே பேசிய எந்த யோசனையிலும் அது வரவில்லை. நம் மாவட்டத்தில் இப்போது மலேரியா என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து சேர்வது. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் மங்களூரிலும் கோவாவிலும் குஜராத்திலும் போய் அடைகின்றன. மங்களூர் நெடுங்காலம் மலேரியாவுக்குப் பேர்போனதாக இருந்த ஊர். கடி வாங்கி பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அப்போது ஆள் நடுக்கடலில் இருப்பார். மாத்திரையைப் போட்டுச் சமாளித்துவிட்டு ஊர் வந்து சேர்வார். அவர் ரத்தத்தில் கிருமி இருந்து, நம் மூடாத தொட்டியில் ஸ்டெஃபன்சி இருந்தால், இங்கேயே தொடங்கிவிடும். இலங்கையில் 2012-லேயே உள்ளூர் மலேரியா ஓய்ந்துவிட்டது, 2016-இல் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். அப்படியும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதை அவர்கள் விடவில்லை.

ரத்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மருந்தும் இலவசம். மலேரியாவில் வைவாக்ஸ் என்ற வகை என்றால் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும் என்பதால் ப்ரைமாகுவின் மாத்திரையை 14 நாள் முடிக்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிடும், ஆளும் அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த போட்டில் ஏறிவிடுவார். ஆகவே போட் முதலாளிகள் ஒவ்வொரு தடவையும் கரை சேர்ந்ததும் காய்ச்சல் வந்துபோன ஆட்களின் பெயரைக் கிராம சுகாதார நர்சிடம் கொடுக்க வேண்டும், வைவாக்ஸ் என்று தெரிந்தால் 14 நாள் முடியாமல் அந்த ஆளைக் கடலுக்கு ஏற்றக்கூடாது. புகை மிஷின் கேட்டவர்களே போட் முதலாளிகள் என்பதால், இந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுக்கலாம் என்பது நான் கூட்டத்தில் வைக்கப்போகிற தீர்மானத்தின் கடைசி வரி.